ரெண்டு பேனல், ஏழு ஆசை

குடுடா மாப்ள அந்தச் சீட்டை. கண்ணாடி இல்லாமயே படிச்சிடலாம், அவ்ளோ பெரிய எழுத்துல எழுதியிருக்க. ஃபிரிட்ஜ் ஒண்ணு. மிக்சி ஒண்ணு. கிரைண்டர் ஒண்ணு. இஸ்திரிப் பெட்டி. இன்டக்‌ஷன் அடுப்பு. வெந்நி போடற ராடு. கடைசியா உப்புத் தண்ணி எறைக்க ஒரு எச்.பி. மோட்டார். ஆக ஏழு. ஏன்டா, ஏசிய உட்டுட்ட? அதயும் எழுதிடு. எழுதறதுக்கு வாட்ஸ் செலவாவறதில்ல.

கோவிச்சுக்காத. கம்பி வராத உப்பளத்துல, ஈபி ஆபீசு படி ஏறாம வெளக்கு எரிய வச்ச பாரு, அதுக்கு இந்த மாமன் ஒன்ன மெச்சிக்கறேன். நேத்து வரைக்கும் கழுவேலி ஏரிக் காத்துல அரிக்கேன் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்ச எடம் அது. இப்ப மூணு எல்.இ.டி. பல்பு, ஒரு ஃபேனு, போன் சார்ஜரு. ஒங்கம்மா ஊரெல்லாம் போயி, எம்புள்ள சூரியனையே கொட்டாயில கட்டிப் போட்டுட்டான்னு சொல்லிக்கினு திரியறா. கட்டிப் போட்டது சரி, அது எவ்ளோ குடுக்கும்னு யாருனா கேட்டீங்களா?

பேனலு ஒண்ணு 165 வாட்ஸ், ரெண்டு சேத்து 330. பின்னால ஸ்டிக்கர்ல போட்டிருக்குது. அந்த 330 எப்ப வரும் தெரியுமா? வெயிலு நேரா மூஞ்சியில அடிக்கணும், அதே நேரம் பேனலு சூடு 25 டிகிரியில நிக்கணும். சித்திரை மாசத்து மரக்காணத்துல 25 டிகிரியில எதுடா நிக்கும்? மோர்ப்பானைகூட நிக்காது. வெயில்ல காயற பேனலு 60 டிகிரியத் தாண்டிடும். 25க்கு மேல ஏறற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் கிட்டக் கொறையும். கூட்டிப் பாத்தா நூத்துக்குப் பதினாலு அங்கியே போச்சு. அக்னி நட்சத்திரத்துல உப்பு நல்லா வெளையும், கரண்டு அந்த அளவுக்கு வெளையாது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல. நீதான் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கினு, வெயிலு கொளுத்துனா மீசையை முறுக்கிக்கினு நிக்கற.

நம்ம கடலோரத்துல நல்ல நாள்ல அஞ்சு மணி நேரம் முழு வெயிலுன்னு வச்சுக்க. சூடு, தூசி, ஒயரு, பேட்டரி, இன்வெர்ட்டர்னு ஆளாளுக்குக் கமிஷன் எடுத்துக்கினு மிச்சம் குடுக்கறது ஒண்ணேகால் யூனிட்டு. அதான் ஒன் தினக்கூலி. பேட்டரி 12 வோல்ட்டு, 150 ஆம்பியர் அவர். பெருக்கினா 1,800, அதாவது 1.8 யூனிட்டு. ஆனா ஈய பேட்டரிய அடிவரைக்கும் வழிச்சு எடுத்தா சீக்கிரம் கண்ணை மூடிடும். பாதியோட நிறுத்திக்கணும். ராத்திரிக்கு 0.9 யூனிட்டு. ஒன் சீட்டுல இருக்கற ஏழையும் ஒண்ணா போட்டா 6,000 வாட்ஸத் தாண்டுது. விரலுக்கேத்த வீக்கம்னு சொல்லுவாங்க, ஒனக்கு வீக்கம் தோள்பட்டை வரைக்கும் வந்திருக்குது.

'எல்லாத்தையும் ஒண்ணாவா போடப் போறேன் மாமா? இஸ்திரி பத்து நிமிஷந்தானே'ன்னு கேக்கற. நல்ல கேள்வி. 1,000 வாட்ஸ் பெட்டி பத்து நிமிஷம் ஓடினா 0.17 யூனிட்டுதான். கணக்குல நீ ஜெயிச்சுட்ட. ஆனா பேட்டரி ஒன் கணக்கைப் படிச்சதில்ல.

நீ உப்பளத்துல பொறந்தவன், ஒனக்கு நான் சொல்லணுமா? கடல் தண்ணி உள்ள வர்றப்ப உப்பு அடர்த்தி 3 டிகிரி. பாத்தி பாத்தியா மாத்தி வத்த வச்சு, 25 டிகிரிக்கு வந்தாதான் உப்புக் கட்டும். 20 டிகிரியில பலகையப் போட்டு இழுத்தா என்னா வரும்? சேறு வரும், ஒங்கப்பன் கையால அறை வரும். பாத்தி நெறைய உப்பு கரைஞ்சு கெடக்கத்தான் கெடக்குது, அதுக்காக நீ நெனச்ச வேகத்துல வார முடியுமா? பேட்டரியும் அதே பாத்திதான். பெட்டி மேல 150ன்னு கொட்டை எழுத்துல போட்டவன், பக்கத்துல சின்னதா சி10ன்னு போட்டிருப்பான். 15 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் மெதுவா எடுத்தாதான் அந்த 150 முழுசா கெடைக்கும். சில பெட்டியில சி20ன்னு இருக்கும், அது இன்னும் மெதுவு. இஸ்திரிப் பெட்டி கேக்கற 1,000 வாட்ஸ 12 வோல்ட்டுல குடுக்கணும்னா, இன்வெர்ட்டர் திங்கறதையும் சேத்து 100 ஆம்பியர் கிட்டப் போவும். 150ஐ 100ஆல வகுத்தா ஒண்ணரை மணி நேரம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருப்பாங்க. அந்த வேகத்துல உறிஞ்சினா ஒரு மணி நேரமே தாங்காது. உள்ள சரக்கு மிச்சம் இருக்கும்போதே வோல்ட்டு கீழ எறங்கி, இன்வெர்ட்டர் கடையச் சாத்திடும்.

போன வாரம் திண்டிவனத்துக் கல்யாணத்துக்குச் சட்டை தேய்க்கறேன்னு கெளம்பினியே, நான் கயித்துக் கட்டில்ல படுத்துக்கினு ஒரக்கண்ணால பாத்துக்கினுதான் இருந்தேன். சுவிட்சைப் போட்ட. பல்பு மங்கிச்சு. ஃபேனு றெக்கைய எண்ணற அளவுக்கு மெதுவாச்சு. இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்திச்சு, செவப்பு லைட்டு வந்துது, அதோட எல்லாம் கப்சிப். அணைச்சுட்டு மறுபடி போட்ட. மறுபடி கீ கீ. அப்புறம் இன்வெர்ட்டர் தலையில ஒரு தட்டு தட்டினியே, அங்கதான் எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. அது நெத்தியிலயே 900 வி.ஏ.ன்னு எழுதியிருக்குது. வி.ஏ. எல்லாம் வாட்ஸ் ஆயிடாது. அது தர்றது 700 வாட்ஸ் சுமாருக்கு. அதுகிட்டப் போயி 1,000 கேட்டா கத்தாம பாட்டா பாடும்? திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டு, கடைசியா பேட்டரி மேல ஒயரை மாட்டியிருக்கற லக்கைத் தொட்டு, ஆன்னு கைய ஒதறின. பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கெடக்கற லக்கு. அந்தப் பூப்பு கரண்டை வழிமறிச்சு அங்கியே சூடாக்கிடுச்சு. சட்டைக்குப் போவ வேண்டிய சூடு, மாப்ள. சட்டையில சுருக்கம் போவல, லக்குக்கு இஸ்திரி ஆயிடுச்சு.

இப்ப கடைக்காரரு 2,000 வி.ஏ. இன்வெர்ட்டர் மாத்திக்கன்னு சொன்னாராம், நீயும் அட்வான்சு குடுக்கப் போறியாம். பேட்டரி? அதே ஒத்தை பேட்டரி. பேனலு? அதே ரெண்டு. ஒயரு? அதுவும் அதே. அவரு ஒன் கஷ்டத்தை மாத்தல, ஒன் கஷ்டத்தைக் கத்தாம இருக்கப் பண்றாரு. முன்னால 700 வாட்ஸ்ல கத்தி ஒன்ன காப்பாத்திச்சு. இனிமே 1,500 வாட்ஸ் கேட்டாலும் வாய மூடிக்கினு 150 ஆம்பியர உறிஞ்சிக் குடுக்கும். ஒயருல ஆம்பியர் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்காவும். 100 ஆம்பியருக்கே 25, 35 சதுர மில்லிமீட்டர் தடிமன்ல செம்பு ஒயரு வேணும். நீ போட்டிருக்கறது பல்புக்கு இழுக்கற ஒயரு. மேல கீத்து, பக்கத்துல தட்டி, நடுவுல சூடாவற ஒயரு, சுத்தி கடல் காத்து. தீயணைப்பு வண்டி உப்பளத்து வரப்புல வராது, ஞாபகம் வச்சுக்க.

நெசமாவே பெருசா ஓட்டணும்னா வோல்ட்டை ஏத்தணும். நாலு பேட்டரிய வரிசையா கோத்து 48 வோல்ட்டு ஆக்கினா, அதே 1,000 வாட்ஸுக்கு 25 ஆம்பியர் போதும். அதுக்கேத்த இன்வெர்ட்டர், அதுக்கேத்த சார்ஜ் கன்ட்ரோலர், அந்தப் பேட்டரிய நெரப்பற அளவுக்குப் பேனலு. பேட்டரிய மட்டும் கூட்டிட்டுப் பேனலைக் கூட்டாம உட்டா, நாலும் அரைவயிறாவே கெடந்து, உள்ள ஈயத் தகட்டுல சல்பேட் படிஞ்சு, நாலும் சேந்து போயிடும். இன்னொண்ணு, பழைய பேட்டரியோட புதுசைக் கோக்காத. பழசு புதுசையும் தன் வயசுக்கு இழுத்துக்கும். என்னோட சேந்து சீட்டாடி நீ கெட்டல்ல, அப்படித்தான்.

சீட்டுல ஒரு தமாசு பாரு. பயப்பட வேண்டிய எடத்துல தைரியமா இருந்துட்டு, கிரைண்டர் பக்கத்துல மட்டும் கேள்விக்குறி போட்டிருக்க. கல்லு கனமா இருக்குது, கடகடன்னு சத்தம் போடுது, அதனால கரண்டு தின்னும்னு நெனச்சுட்ட. ரெண்டு லிட்டர் மேசைக் கிரைண்டர் 150 வாட்ஸ்தான்டா. அரை மணி நேரம் மாவு ஆட்டினாலும் 0.08 யூனிட்டு. கைக்கு அடக்கமா சின்னப்புள்ள மாதிரி நிக்குதே மிக்சி, அதான் 550. வெறுங்கல்லைச் சுத்த உட்டு, அது வேகம் எடுத்தப்புறம் அரிசியப் போடு. மோட்டார் எதுவா இருந்தாலும் கெளம்பற நேரத்துல மூணு மடங்கு, நாலு மடங்கு இழுக்கும். மாவோட கல்லைக் கெளப்பினா இன்னும் மோசம். ஒங்கம்மா எப்பவும் அப்படித்தான் ஆட்டறா. அவளுக்கு ஆம்பியர் தெரியாது, ஆனா தெரிஞ்ச மாதிரியே நடந்துக்குவா. மிக்சிய ஓட்டணும்னா பகல்ல, ஃபேனை நிறுத்திட்டு, சட்டினிக்கு மட்டும் விட்டு விட்டு ஓட்டு. அதுக்கும் இன்வெர்ட்டர் சைன் வேவா இருக்கணும். சதுர வேவ் இன்வெர்ட்டர்ல மாட்டினா மோட்டார் உர்ருன்னு மொனகிக்கினே சூடாவும்.

இந்த விஷயத்துல கவர்மெண்டைப் பாத்துக் கத்துக்கடா. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். 2011ல ரெண்டு திட்டம் வந்துது. ஒண்ணு சோலாரோட பசுமை வீடு. 300 சதுர அடி, வீட்டுக்கு 1,80,000 ரூபா, அதுல 30,000 சோலாருக்கு, வருஷத்துக்கு 60,000 வீடு. இன்னொண்ணு அதே வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பொறந்த நாளன்னிக்கு ஆரம்பிச்ச மிக்சி, கிரைண்டர், ஃபேன் திட்டம். ஒரே முதலமைச்சரம்மா, ஒரே கோட்டை, ஒரே வருஷம். ஆனா அந்த சோலார்ல என்னா மாட்டினாங்க தெரியுமா? அஞ்சு வெளக்கு. அவ்ளோதான். மிக்சியும் கிரைண்டரும் ஓட்டணும்னா ஈபி லைனு தனியா வாங்கிக்கன்னுட்டாங்க. ஒரு கையில சோலாரு, இன்னொரு கையில மிக்சின்னு ரெண்டையும் குடுத்தவங்களே, ரெண்டையும் ஒண்ணா மாட்டல. எவனோ ஒரு இன்ஜினியரு பென்சிலும் பேப்பரும் வச்சுக்கினு ஒழுங்கா ஒக்காந்திருக்கான். ஒன் சீட்டை அவன்கிட்டக் காட்டியிருந்தா மெடிக்கல் லீவு போட்டிருப்பான்.

சரி, சீட்டுல சூடு போடற சாமானு மூணு இருக்குது. இஸ்திரி, அடுப்பு, ராடு. மூணையும் ஒரே கோட்டுல அடிச்சிடறேன், பேனாவக் குடு.

ஏன்னு கேளு. ஒரு கிலோ உப்பு வெளையணும்னா முப்பத்தஞ்சு நாப்பது லிட்டர் கடல் தண்ணி வத்தணும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாவ 0.65 யூனிட்டு அளவுக்குச் சூடு வேணும். பெருக்கிப் பாரு. கடையில பொட்டலமாத் தொங்குதே ஒரு கிலோ உப்பு, அதுக்குள்ள 20 யூனிட்டுக்கு மேல வெயிலு போயிருக்குது. ஒன் பேனலு ரெண்டு வாரத்துக்கு மேல ஒழைச்சாதான் அந்த அளவு. நம்ம பாத்தி முழுக்க அம்பாரம் அம்பாரமா குவிச்சு வச்சிருக்கறது அதுதான். எந்தக் கடைக்காரரும் வந்து மாட்டிக் குடுக்கல, ஈ.எம்.ஐ. இல்ல. சூரியன்கிட்டச் சூடா கேட்டா வாரிக் குடுக்கும். கரண்டா கேட்டா, விழற வெயில்ல அஞ்சுல ஒரு பங்கைத்தான் பேனலு புடிக்கும். நீ என்னா பண்ற? வெயிலைக் கரண்டாக்கற. கரண்டைப் பேட்டரிக்குள்ள ஈயமும் ஆசிடுமா மாத்தற. அதத் திருப்பிக் கரண்டாக்கற. அந்தக் கரண்டை ராடுல உட்டு மறுபடி சூடாக்கி வாளியில எறக்கற. ஒவ்வொரு வாசல்லயும் வரி கட்டிக்கினு போற. அந்த வாளிக்குக் கறுப்புப் பெயிண்டு அடிச்சு, மேல ஒரு கண்ணாடிய மூடிக் கொட்டாய்க்கு வெளிய வச்சிருந்தா சாயங்காலம் குளிக்கறதுக்குப் பதமா இருந்திருக்கும். அதுவும் மரக்காணத்துல எத்தினி நாளைக்குடா வெந்நியில குளிக்கப் போற? மார்கழியில பத்து நாளு. அதுலயும் நீ பாதி நாளு குளிக்கறதே இல்லைன்னு ஒங்கம்மா சொல்றா.

ஆரோவில்லுக்குப் போனா பாரு. சோலார் கிச்சன் மாடியில 15 மீட்டர் அகலத்துல ஒரு பெரிய கிண்ணத்தைக் கட்டி வச்சிருக்காங்க, உள்பக்கம் முழுக்கக் கண்ணாடித் துண்டு. வெயிலை ஒரு குழாய் மேல குவிச்சு, ஆவி புடிச்சு, அந்த ஆவியில ஊருக்கே சமைக்கறதுக்குன்னு கட்டினது. அவங்களுக்கு பேனலு வாங்கக் காசில்லாம இல்ல. சமையலுக்கு வேண்டியது சூடு, அத எதுக்கு கரண்டு வழியா சுத்திக் கொண்டாரணும்னு யோசிச்சிருக்காங்க.

இன்டக்‌ஷன்ல இன்னொரு வில்லங்கம் இருக்குது. 2,000 வாட்ஸ் அடுப்பை 400ல வச்சு ஓட்டிடறேன்னு சொல்ற. பல அடுப்பு 400ல வச்சா 400 எடுக்காது. கொஞ்ச நேரம் 1,000, 1,200ன்னு இழுக்கும், அப்புறம் சும்மா இருக்கும், மறுபடி இழுக்கும். சராசரிதான் 400. ஒன் இன்வெர்ட்டருக்குச் சராசரி தெரியாது, அந்த 1,200ஐப் பாத்ததும் கத்திடும். அப்படியே ஓடினாலும், மூணு பேருக்கு ரெண்டு வேளை சமைச்சா ஒரு யூனிட்டுக்கு மேல ஆவும். அப்புறம் ராத்திரி இருட்டுலதான் அந்தச் சோத்தைத் திங்கணும். பேசாம 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒண்ணு வாங்கிப் போடு. அதுக்குள்ள 60 யூனிட்டுக்கு மேல சூடு அடங்கியிருக்குது. ஒன் ரெண்டு பேனலும் ஐம்பது நாளு வெயில்ல நின்னு சம்பாதிக்கறது.

ஃபிரிட்ஜு வேணாம்னு சொல்ல மாட்டேன். மீனு கெடக்குது, கோடை கெடக்குது. ஆனா பழைய கம்ப்ரெஸ்ஸர் ஃபிரிட்ஜை எவன்னா கம்மி வெலைக்குத் தள்ளுனா வாங்கிடாத. கெளம்பும்போது அது இழுக்கற இழுப்புக்கு ஒன் இன்வெர்ட்டர் ஒவ்வொரு தடவையும் திணறும். இன்வெர்ட்டர் கம்ப்ரெஸ்ஸர் வச்சது மெதுவா கெளம்பும். ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு எத்தினி யூனிட்னு போட்டிருப்பான், அத 365ஆல வகுத்துப் பாரு. நல்ல சின்ன ஃபிரிட்ஜே நாளைக்கு அரை யூனிட்டு கேக்கும், நம்ம கொட்டாய் சூட்டுல இன்னும் மேல. ஒன் தினக்கூலியில பாதி அதுக்கே போச்சு. அதனால இன்னும் ரெண்டு பேனலு போட்டப்புறம் ஃபிரிட்ஜைப் பத்திப் பேசலாம். அப்பவும் பகல்ல ஓட்டு, ஃப்ரீசர்ல தண்ணி பாட்டிலை அடுக்கி ஐஸாக்கிடு, ராத்திரி நிறுத்திடு. கதவைத் தொறந்து வச்சுக்கினு காத்து வாங்கற பழக்கத்தை மட்டும் உடணும்.

மோட்டார்தான் இந்தச் சீட்டுல உருப்படியான ஆசை. ஆனா நீ மாட்ட நெனச்ச எடந்தான் தப்பு. ஒரு எச்.பி. மோட்டார் ஓடறப்பவே 1,000 வாட்ஸ் கேக்கும், கெளம்பறப்ப அதப் போல அஞ்சு மடங்கு. பேட்டரி பக்கமே அதக் கொண்டு போவாத. குஜராத்துல கட்ச் சின்ன ரண்ணுன்னு ஒரு எடம், அங்க அகரியான்னு நம்மள மாதிரியே உப்புக் காய்ச்சற சனங்க. பூமிக்கடியில இருக்கற உப்புத் தண்ணிய டீசல் இன்ஜின் போட்டு எறைச்சு, வர்ற காசுல பெரும்பங்கை டீசலுக்கே குடுத்துக்கினு இருந்தாங்க. அப்புறம் சேவா சங்கத்துப் பொம்பளைங்க முன்ன நின்னு சோலார் பம்பு கொண்டாந்தாங்க, அரசாங்கமும் மானியம் குடுத்துது. பேட்டரி கெடையாது. பேனலு, கன்ட்ரோலரு, பம்பு, அவ்ளோதான். காலையில வெயிலு ஏற ஏற பம்பு மெதுவா வேகம் எடுக்கும், சாயங்காலம் அதுவா அடங்கும். கன்ட்ரோலரு மெல்லக் கெளப்பறதால அந்த அஞ்சு மடங்கு இழுப்பும் இல்ல. பலபேரு பகல்ல சோலாரு, ராத்திரி டீசல்னு ரெண்டையும் வச்சுக்கினு ஓட்டினாங்க. தண்ணிய எறைச்சு மேல் பாத்தியில நிறுத்திட்டா அதுக்கு மேல எதுக்கு பேட்டரி? ஒனக்கு 1,000 வாட்ஸ் பேனலாவது தனியா வேணும். மானியத்துக்கு வேளாண் பொறியியல் ஆபீசுக்குப் போயி நிக்கலாம்னு பாக்காத, பி.எம். குசும் திட்டம் விவசாயிக்கு. நாம பாத்தி கட்டித்தான் வெளைய வைக்கறோம், ஆனா ஏட்டுல உப்பு தொழில் பக்கம். நெல்லு பாத்திக்கு ஒரு வழி, உப்புப் பாத்திக்கு ஒரு வழி.

நீ மட்டுந்தான் இப்படின்னு நெனச்சு மனசு ஒடஞ்சிடாத. ஒரு ஊரே இப்படி மாட்டிக்கிச்சு. பீகார்ல தர்ணைன்னு ஒரு கிராமம். 2014 ஜூலையில கிரீன்பீஸ் ஆளுங்க 100 கிலோவாட்டுல சோலார் போட்டு, வீடு வீடா கம்பி இழுத்தாங்க. முப்பது வருஷம் கழிச்சு ஊருக்கு வெளிச்சம் வந்துது. சனங்க என்னா பண்ணாங்க? ஒன்ன மாதிரியே டி.வி.யும் ஃபிரிட்ஜுமா மாட்டினாங்க. பேட்டரி காலியாயிடுச்சு. முதலமைச்சரா இருந்த ஒருத்தரு ஊருக்கு வந்தப்ப, எங்களுக்கு நெசக் கரண்டு வேணும்னு வரிசையா நின்னு கேட்டாங்க. அப்புறம் லைன் கரண்டு வந்துது, சோலாரைக் கவனிக்க ஆளில்ல, அந்த எடத்துல மாடு கட்டினாங்க. இதுல அந்தச் சனங்க மேல எனக்குக் கோவம் இல்ல. வெளக்கு வந்தவன் ஃபிரிட்ஜுக்கு ஆசைப்படாம என்னா பண்ணுவான்? குடுக்கப் போனவங்க மொத நாளே, இது இவ்ளோதான் இழுக்கும்னு ஒடச்சுச் சொல்லியிருக்கணும். நான் சொல்றேன் பாரு, அதுக்குத்தான் ஒனக்கு என்மேல கோவம் வருது.

மழைக்காலத்தைப் பத்தி நீ யோசிச்சே பாக்கல. ஐப்பசி, கார்த்திகையில பாத்தியும் தூங்கும், பேனலும் தூங்கும். மேகம் கவிஞ்ச நாள்ல கால்வாசி வந்தா பெரிய விஷயம். 2024 நவம்பர் 30ல ஃபெங்கல் புயலு புதுச்சேரிக்கிட்டக் கரை ஏறிச்சே, மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிச்சே, அந்த வாரத்துல ஒன் ஏழு சாமானும் என்னா பண்ணும்? மழைக்கு வேலை இல்லாத உப்பளத் தொழிலாளிக்குக் கவர்மெண்ட் 5,000 ரூபா நிவாரணம் குடுக்குது. பேட்டரிக்கு யாருடா குடுப்பா? ரெண்டு பல்பு, போனு, ரேடியோ, அதோட நிறுத்திக்க. பேனலை இரும்பு ஃப்ரேம்ல போட்டு நட்டு இறுக்கி, ஃப்ரேமை காங்கிரீட்டுல புதைச்சு வையி. கொட்டாய் கழில கயித்தால கட்டின பேனலு, காத்துல பறந்துச்சுன்னா எக்கியார்குப்பத்துல போயி எறங்கும். அவங்க திருப்பிக் குடுக்க மாட்டாங்க.

அப்புறம் இந்தப் பறவைங்க. கழுவேலிய 2021ல பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சாங்க, நாரையும் கொக்கும் ரொம்ப கௌரவமா பறந்து வருது, ஒன் பேனலு மேலதான் இளைப்பாறுது. ஒரு எச்சம் ஒரு கட்டத்தை மறைச்சா, அந்த ஒரு கட்டம் மட்டும் போவாது. வரிசையா கோத்திருக்கறதால பேனலோட மூணுல ஒரு பங்கு படுத்துடும், மறைஞ்ச கட்டம் சூடேறிப் பழுதாவும். தொடைச்சு உடணும். அதுக்குன்னு நீ அன்னிக்கு பாத்தித் தண்ணிய மொண்டு பேனலைக் கழுவினியே, அப்பா, என் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மத்தியானத்துக்குள்ள கண்ணாடி மேல உப்பு வெளைஞ்சு நின்னுது. மூணாவது பேனலு எதுக்கு, அதையே வாரி அம்பாரம் போடலாம்னு பாத்தேன். நல்ல தண்ணி, விடிகாலையில, கண்ணாடி சூடேறறதுக்கு முன்னால. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். அந்தப் பேட்டரிய கட்டிலுக்கடியில வச்சிருக்கியே, வெளிய எடு. சார்ஜ் ஆவறப்ப ஹைட்ரஜன் வாயு வரும், நீ மேல படுத்துக்கினு பீடி பத்த வைக்கற.

நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல புதுச்சேரி போவோம். ஈயம் பூசின லக்கு, தடிமனான ஒயரு, பேட்டரிக்கு ஒரு ஃபியூசு, ஒரு டப்பா வாசலின். பூத்துக் கெடக்கறதச் சுடுதண்ணில சோடா உப்பு கலந்து கழுவி, காய வச்சு, புது லக்கைப் போட்டு வாசலினைத் தடவணும். அட்வான்சு குடுத்திடாத, அந்தப் பணத்துல ரெண்டு பேனலு வாங்குவோம். கடையில நான் பேசறேன், நீ வாயத் தொறக்காத. பேனலைக் காட்டினதும், உப்புக் காத்துச் சோதனை ஐ.இ.சி. 61701 முடிச்சதான்னு கேப்பேன். வேட்டியும் துண்டுமா நிக்கற கெழவன் வாயில அந்த நம்பரைக் கேட்டதும் அவரு முகம் போற போக்கைப் பாக்கறதுக்கே பஸ் காசு குடுக்கலாம். அந்தக் காசை நீ குடு. கசங்கின சட்டையோட வந்தாலும் பரவால்ல.